மணிக்கட்டில் ஒரு மண்டலம்

செங்கம் சாலையில் சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமத்தைத் தாண்டும்போது தம்பி நின்றுவிட்டான். விடியற்காலை ஐந்து மணி இருக்கும். மூச்சு வாங்குகிறதோ என்று திரும்பிப் பார்த்தால், இடது மணிக்கட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"மெதுவா போக்கா. 128 காட்டுது. பச்சையைத் தாண்டி ஆரஞ்சுக்குப் போயிடுச்சு. இதுக்கு மேல போனா கொழுப்பு கரையாதாம்."

அவனுக்கு 44 வயது, 80 கிலோ எடை. போன ஆண்டு ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது. "எடையைக் குறைங்க" என்றார் மருத்துவர். எங்கள் திருவண்ணாமலையில் பிறந்தவனுக்கு இதற்கு வேறு யோசனை எங்கிருந்து வரும்? மலையைச் சுற்றத் தொடங்கினான். ஒன்பது பௌர்ணமி விடாமல் சுற்றியும் ஒரு கிலோ இறங்கவில்லை. தப்பான வேகத்தில் நடந்துவிட்டோம், அதனால்தான் கொழுப்பு கரையவில்லை என்று முடிவுகட்டி, இதயத் துடிப்பை அளக்கும் கைக்கடிகாரம் வாங்கினான். இப்போது மலையை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்த்து நடக்கிறான்.

அவனைப் போல நிறையப் பேரை இந்தப் பாதையில் பார்க்கிறேன். கையில் பச்சையும் ஆரஞ்சும் மாறி மாறி ஒளிர, ஒரு எண்ணுக்குள் தங்களை அடக்கிக்கொள்ளப் பாடுபடுகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது, எதைச் சொல்கிறது என்று யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. அந்தக் கவலையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கடிகாரம் செய்வது எளிய வேலை. அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்குகிறது. ரத்தத்தின் சிவப்பு, பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒருமுறை துடித்ததும் மணிக்கட்டுக்கு ரத்தம் பாய்ந்து வர, திரும்பி வரும் வெளிச்சம் சற்றே குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் துடிப்பு கிடைத்துவிடும். பட்டை தளர்ந்திருந்தாலோ, கையை வீசி நடந்தாலோ கணக்கு பிசகும். ஆனாலும் துடிப்பை எண்ணுகிற வரை கடிகாரத்தைப் பெரும்பாலும் நம்பலாம். சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது.

நம் இதயம் உச்சக்கட்டமாக நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கும் என்று கடிகாரம் ஊகிக்கிறது. அந்த உச்சத்தை ஐந்து பட்டைகளாகப் பிரிக்கிறது. 50 முதல் 60 சதவீதம் வரை முதல் மண்டலம், 60 முதல் 70 வரை இரண்டாவது, 70 முதல் 80 வரை மூன்றாவது, அப்படியே மேலே. பல கடிகாரங்களும் உடற்பயிற்சிக்கூடச் சுவரில் தொங்கும் படங்களும் இரண்டாவது மண்டலத்துக்குக் 'கொழுப்பு எரியும் மண்டலம்' என்று பெயர் வைத்திருக்கின்றன. தம்பி விட்டுவிடக் கூடாதென்று துடித்த பச்சை அதுதான்.

உச்சத் துடிப்பை ஊகிக்கும் வாய்பாடு எல்லோருக்கும் மனப்பாடம்: 220இலிருந்து வயதைக் கழி. தம்பிக்கு 176. இவ்வளவு பரவிய ஒரு வாய்பாட்டுக்குப் பின்னால் பெரிய ஆய்வு இருக்கும் என்றுதான் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் சாமுவேல் ஃபாக்ஸ், வில்லியம் ஹாஸ்கல் என்ற இரு மருத்துவ அறிஞர்கள், இதய நோயாளிகள் எவ்வளவு கடுமையாக உழைக்கலாம் என்று அறிய, அதுவரை வெளிவந்திருந்த சுமார் பத்து ஆய்வுகளின் எண்களைத் தாளில் குறித்துப் பார்த்தார்கள். புள்ளிகளின் நடுவே தோராயமாக ஒரு கோடு போட்டால் அது 220 கழித்தல் வயது என்பதை ஒட்டி வந்தது. அந்த ஆய்வுகளில் இருந்தவர்களில் புகைப்பவர்களும் இதய நோயாளிகளும் உண்டு. பெரும்பாலோர் 55 வயதுக்கு உட்பட்டவர்கள். தனி மனிதரின் பயிற்சியை ஆளும் சட்டமாக அது ஆக வேண்டும் என்று தாங்கள் நினைக்கவே இல்லை என்று ஹாஸ்கலே பிற்காலத்தில் சொன்னார்.

2001இல் தனாகா, மோனஹன், சீல்ஸ் மூவரும் 351 ஆய்வுகளை, அவற்றிலிருந்த 18,712 பேரின் அளவுகளை ஒன்றுதிரட்டி, வயதில் 0.7 பங்கை 208இலிருந்து கழிக்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்தார்கள். தம்பிக்கு அது 177. அவன் வயதில் இரண்டு வாய்பாடுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். 70 வயது அம்மாவுக்குத்தான் ஒன்று 150 என்றும் மற்றது 159 என்றும் பிரியும். ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எந்த வாய்பாடு போட்டாலும் ஒரே வயதுள்ள மனிதர்களின் உண்மையான உச்சத் துடிப்பு பத்துத் துடிப்பு மேலோ கீழோ போவது சாதாரணம். மூன்றில் ஒருவருக்கு அதைவிடவும் விலகும். தம்பியின் உண்மையான உச்சம் 165ஆகவும் இருக்கலாம், 188ஆகவும் இருக்கலாம். பிறப்பில் வருகிற வேற்றுமை அது. நோயோ குறையோ கிடையாது. அப்படியிருக்க, 123 வரை பச்சை, 124இல் ஆரஞ்சு என்று கோடு கிழிப்பதில் என்ன துல்லியம் இருக்க முடியும்?

கொஞ்சம் மேலான கணக்கு ஒன்று உண்டு. பின்லாந்து உடலியல் அறிஞர் மார்ட்டி கார்வோனன் 1957இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. உச்சத்தை மட்டும் பார்க்காமல் ஓய்வுத் துடிப்பையும் சேர்த்துக்கொள்கிறது. காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல் எண்ணுகிற துடிப்பு தம்பிக்கு 76. உச்சம் 177 என்றால், இடையில் இருக்கும் 101 துடிப்புதான் அவன் இதயத்தின் கையிருப்பு. மிதமான உழைப்பு என்பது இந்தக் கையிருப்பில் 40 முதல் 59 சதவீதம் வரை செலவழிப்பது. கூட்டிப் பார்த்தால் 116இலிருந்து 136 வரை வருகிறது. சேஷாத்ரி ஆசிரம வாசலில் அவனை நிற்க வைத்த 128 இதற்கு நட்ட நடுவில் இருக்கிறது. அவன் நடந்த வேகத்தில் ஒரு தப்பும் இல்லை.

துடிப்பை எண்ணக் கடிகாரம்கூட வேண்டாம். சித்த வைத்தியர்கள் நாடி பார்க்கிற இடமே போதும். கட்டைவிரல் பக்கமாக, மணிக்கட்டு எலும்புக்குச் சற்று உள்ளே, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் வைக்க வேண்டும். அவர்கள் அந்த மூன்றில் வாதம், பித்தம், கபம் என்று மூன்று நடையைத் தேடுவார்கள். நமக்கு எண்ணிக்கை போதும். கட்டைவிரலை வைத்துப் பார்க்கக் கூடாது, அதற்கே சொந்தத் துடிப்பு உண்டு. 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் முடிந்தது. நின்ற உடனே எண்ணிவிட வேண்டும், அரை நிமிடம் தாமதித்தால் எண் இறங்கத் தொடங்கிவிடும்.

இனி கொழுப்புக்கு வருவோம். நம் உடம்பு இரண்டு இடத்தில் எரிபொருள் வைத்திருக்கிறது. ஒன்று சமையலறையில் இருக்கும் அரிசிப் பானை மாதிரி. தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற பெயரில் இருக்கும் மாவுச்சத்து, சுமார் அரைக் கிலோ, ஏறத்தாழ 2,000 கலோரி. கை நீட்டினால் கிடைக்கும், விரைவில் தீரும். இன்னொன்று பின்கட்டில் நிற்கிற நெற்குதிர். அதுதான் கொழுப்பு. தம்பியின் உடம்பில் 20 கிலோ கொழுப்பு என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 7,700 கலோரி வீதம் ஒன்றரை லட்சம் கலோரிக்கு மேல் குவிந்திருக்கிறது. ஆனால் குதிரிலிருந்து நெல்லை அள்ளி, குத்திப் புடைத்து, உலைக்குக் கொண்டுவர நேரம் பிடிக்கும். கொழுப்பும் அப்படித்தான். கொழுப்பணுவிலிருந்து உடைந்து வெளிவந்து, ரத்தத்தில் ஏறி, தசைக்குள் போய், அங்கிருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்புக்குள் நுழைந்துதான் எரிய முடியும். போதாததற்கு, அதே அளவு ஆற்றலைப் பெற மாவுச்சத்தைவிடக் கொழுப்புக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும்.

நிதானமாக நடக்கும்போது தசை அவசரப்படுவதில்லை. குதிரிலிருந்து வருவதை வைத்தே பெரும்பகுதி வேலை நடந்துவிடும். வேகம் கூடக்கூட, திடீரென்று இருபது பேர் சாப்பாட்டுக்கு வந்து நிற்கும் வீடு போல ஆகிவிடுகிறது. யாரும் குதிரைத் திறக்கப் போவதில்லை, பானையில்தான் கை வைப்பார்கள். 1993இல் ரோமைனும் அவர் சகாக்களும் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை மூன்று வேகங்களில் மிதிக்க வைத்து இதை அளந்தார்கள். மிக மெதுவாக மிதித்தபோது எரிந்ததில் கொழுப்பின் பங்கு மிக அதிகம். ஆனால் கிராம் கணக்கில் கொழுப்பு அதிகம் எரிந்தது நடுத்தர வேகத்தில். கடும் வேகத்தில் அது குறைந்தது.

'கொழுப்பு எரியும் மண்டலம்' என்ற பெயர் பிறந்தது இந்தப் பங்குக் கணக்கிலிருந்துதான். பங்கைப் பார்த்து மொத்தத்தை மறந்துவிட்டார்கள். பங்கு மட்டுமே முக்கியம் என்றால், வெறும் வயிற்றோடு திண்ணையில் சாய்ந்திருப்பவரும் பாதிக்கு மேல் கொழுப்பைத்தான் எரித்துக்கொண்டிருக்கிறார், அவர் இளைப்பதில்லை.

தம்பியின் 80 கிலோவுக்கு அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் சுமார் 150 கலோரி. அதில் 60 சதவீதம் கொழுப்பு என்றால் 90. அதே அரை மணி நேரம் மணிக்கு எட்டுக் கிலோமீட்டரில் மெல்ல ஓடினால் சுமார் 360 கலோரி. கொழுப்பின் பங்கு 30 சதவீதமாகச் சரிந்ததாக வைத்தாலும் 108. பங்கு பாதியானது, எரிந்த கொழுப்போ குறையவில்லை. மீதி எரிந்த மாவுச்சத்தும் வீணில்லை. காலியான பானையை உடம்பு அன்று முழுக்க நிரப்பிக்கொண்டிருக்கும். அதற்குச் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, மற்ற செலவுக்குக் குதிரைத் திறக்கும். 24 மணி நேரத்தில் உள்ளே போனது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்பதுதான் எடையைத் தீர்மானிக்கிறது. அரை மணி நேரம் எந்த நிறத்தில் நடந்தோம் என்பது அதில் அநேகமாகக் கரைந்துபோகிறது.

கரைந்த கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டால் வியர்வை என்பார்கள் பலர். 2014இல் ஆஸ்திரேலியாவின் மீர்மன், பிரவுன் இருவரும் அணு அணுவாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. விடியற்காலைக் குளிரில் இந்தப் பாதையில் முன்னால் போகிறவரின் வாயிலிருந்து ஆவி போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண் நினைவுக்கு வரும்.

சரி, ஒன்பது பௌர்ணமியும் எங்கே போயிற்று? இங்கேதான் எங்கள் மலை மற்ற உடற்பயிற்சிகளிலிருந்து வேறுபடுகிறது. உடற்பயிற்சிக்கூடத்தில் நேரத்தைக் கணக்கு வைக்கிறோம். மலை சுற்றுவதில் தூரம் முன்பே நிச்சயிக்கப்பட்டுவிட்டது. இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கத்தில் முடிகிற வரை 14 கிலோமீட்டர். பாதை பெரும்பாலும் சமதளம். ஒரு கிலோ எடையைச் சமதளத்தில் ஒரு மீட்டர் நகர்த்த, ஓய்வுச் செலவுக்கு மேல் 0.1 மில்லி லிட்டர் ஆக்சிஜன் ஆகிறது. நடை வேகத்துக்குள் இருக்கும்வரை, மெதுவாகப் போனாலும் விரைந்து போனாலும் இந்தச் செலவு பெரிதாக மாறுவதில்லை. 80 கிலோ, 14,000 மீட்டர்: 112 லிட்டர் ஆக்சிஜன், லிட்டருக்கு 5 கலோரி வீதம் 560 கலோரி. மூன்று மணி நேரத்தில் முடித்தாலும் ஐந்து மணி நேரம் ஆனாலும், மலைக்காகச் செலவான கலோரி ஏறக்குறைய அதேதான். பச்சையா ஆரஞ்சா என்று தம்பி கவலைப்படவே தேவையிருக்கவில்லை.

மாதம் ஒன்றுக்கு 560. ஆண்டு முழுக்க 12 பௌர்ணமிக்கும் சேர்த்து 6,720. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 வேண்டும் என்று பார்த்தோம். ஒரு பௌர்ணமி தவறாமல் ஆண்டு முழுக்கச் சுற்றினாலும் ஒரு கிலோவுக்குக் கீழேதான்.

அதுவும், வழியில் எதுவும் சாப்பிடாதவருக்கு. பௌர்ணமி இரவில் இந்தப் பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும். அடிக்கொரு அன்னதானம். வாழையிலைத் துண்டில் நெய் மணக்கும் வெண்பொங்கல், அடுத்த பந்தலில் புளியோதரை, அப்புறம் சுண்டல், பாதாம் பால், வழியெல்லாம் சர்க்கரை தூக்கலான டீ. அன்போடு நீட்டுகிற கையை மறுக்க யாருக்கும் மனம் வராது; மறுக்கச் சொல்லவும் எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு பொங்கலும் இரண்டு டீயுமாகச் சேர்ந்தால் அந்த 560இல் பெரும்பங்கு திரும்பி வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும், "அவ்ளோ தூரம் நடந்துட்டு வந்திருக்கான்" என்று அம்மா இன்னொரு தோசை போடுவாள். தம்பியின் ஒன்பது பௌர்ணமியும் இப்படித்தான் சமன் ஆகின.

பௌர்ணமிக் கூட்டத்தில் நடக்கும் வேகம் வேறு. நிறைமாத கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல மலையைச் சுற்ற வேண்டும் என்பது ரமண மகரிஷியும் எடுத்துச் சொல்லிவந்த மரபு. அடி மேல் அடி வைத்து, மனம் மலையில் இருக்க நடக்க வேண்டும். அந்த நடையில் தம்பியின் துடிப்பு 98ஐத் தாண்டவில்லை. மிதமான உழைப்பின் வாசல் அவனுக்கு 116 என்று பார்த்தோமே, அதற்கு வெகு கீழே. எனக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. அந்த நடை இடுப்புச் சுற்றளவுக்காக வகுக்கப்பட்டதில்லை. அதை அதன் நோக்கத்துக்கு விட்டுவிட்டு, உடம்புக்கான நடையை வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம். பௌர்ணமி ராத்திரி கையைக் கையைப் பார்த்துக்கொண்டு நடப்பவர்களைக் கண்டால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது; அவர்களுக்கு இரண்டுமே கிடைப்பதில்லை.

அப்படியானால் துடிப்பு மண்டலங்களுக்குப் பயனே இல்லையா? நிறைய இருக்கிறது, ஆனால் அந்தப் பயன் இதயத்துக்கு. மிதமான உழைப்பை வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை, அல்லது கடும் உழைப்பை 75 முதல் 150 நிமிடம் வரை செய்யச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல். நாம் செய்வது மிதமா, கடுமையா, அல்லது இரண்டுக்கும் கீழா என்று அறியத்தான் துடிப்பு. மிதமான துடிப்பில் வாரக்கணக்கில் தொடர்ந்தால் ரத்தத்தின் அளவு கூடுகிறது, ஒரு துடிப்பில் இதயம் வெளித்தள்ளும் ரத்தம் பெருகுகிறது, தசைக்குள் அடுப்புகளின் எண்ணிக்கை உயர்கிறது. குதிரிலிருந்து நெல் எடுக்கும் வேலையும் உடம்புக்குப் பழகிவிடுகிறது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு இது எடை குறைவதைவிடப் பெரிய லாபம். உழைத்த தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது, தராசு முள் அசையாவிட்டாலும்கூட.

இதைத் தம்பிக்குக் காட்ட அவனை ஸ்கந்தாசிரமம் அழைத்துப் போனேன். ரமணர் 1916இலிருந்து 1922 வரை வாழ்ந்த இடம். ரமணாசிரமத்தின் பின்பக்கம் தொடங்கி, மலைச்சரிவில் கற்கள் பதித்த பாதை மேலேறிப் போகிறது. பத்து நிமிடத்தில் கடிகாரம் 150ஐத் தொட்டது. "சிவப்புக்கா, சிவப்பு" என்று நின்றுவிட்டான். "பேசு பார்ப்போம்" என்றேன். மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினான். அது கடும் உழைப்பின் அடையாளம். பாறையில் உட்காரவைத்து, மூன்று விரலையும் வைத்து எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 150இலிருந்து 128க்கு இறங்கியிருந்தது. 22 துடிப்பு. 1999இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், உழைப்பை நிறுத்திய முதல் நிமிடத்தில் 12 துடிப்புகூட இறங்காதவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று கண்டார்கள். ஏறியபோது காட்டிய நிறத்தைவிட, இறங்கிய இந்த வேகம் அவன் இதயத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. கீழே கோபுரங்கள் பளிச்சென்று தெரிந்தன. அவன் அன்றுதான் முதல்முறையாக மலையிலிருந்து ஊரைப் பார்த்தவன்போல வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அம்மா கதை வேறு. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறாள். இதயத்தை நிதானப்படுத்துவதுதான் அந்த மருந்தின் வேலை. என்ன வேகத்தில் நடந்தாலும் அவள் துடிப்பு 95ஐத் தாண்டாது. கடிகாரத்தைக் கட்டிவிட்டால், "நீங்கள் உழைக்கவே இல்லை" என்கிற மாதிரி பெரும்பாலும் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். அதை நம்பி அவள் வேகத்தைக் கூட்டினால் விபரீதம். அட்டெனலால் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே நிலைதான். இவர்களுக்கு வாய்தான் அளவுகோல். பாட முடிந்தால் இலேசான உழைப்பு. பேச முடிந்து, பாட மூச்சு போதாவிட்டால் மிதமான உழைப்பு. ரமணர் இயற்றிய அக்ஷரமணமாலையின் 108 கண்ணிகளையும் பாடிக்கொண்டே சுற்றுகிறவர்களை ஆதி அண்ணாமலைப் பக்கம் பார்க்கலாம். அவர்கள் எல்லோரும் முதல் வகை. அம்மாவும் அவர்களோடு பாடிக்கொண்டே போவாள். கொஞ்ச தூரம் போனதும் சற்று எட்டி நடக்கச் சொல்வேன். பாட்டு நின்று பேச்சு தொடரும். அவளுக்கு அந்த வேகம் போதும்.

வெயிலையும் சொல்லியாக வேண்டும். விடியற்காலை 118 துடிப்பில் நடந்த அதே தூரத்தை, அதே வேகத்தில் காலை பத்து மணிக்கு மேல் நடந்தால் தம்பிக்கு 130ஐத் தாண்டுகிறது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்புகிறது. வியர்வையில் தண்ணீர் போய் ரத்தத்தின் அளவு குறைகிறது. ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் குறைய, இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. அந்த உயர்வால் கூடுதல் கொழுப்பு கரைவதில்லை, வெயிலின் பாரம் இதயத்தின்மேல் ஏறுகிறது, அவ்வளவுதான். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, இதில் எது வந்தாலும் எந்த லிங்கத்துக்கு எத்தனை தூரம் என்று பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்து 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் சுற்றவே கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கொதிக்கும் தார் சுட்டது தெரியாமல் வீட்டுக்கு வந்து, மறுநாள் கொப்புளத்தைப் பார்க்கிறவர்களை நான் அறிவேன். அண்ணாமலையார் செருப்புக்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தமிழில் மண்டலம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. விரதம் இருப்பவர்களும் சித்த மருந்து சாப்பிடுபவர்களும் சொல்வது: 48 நாள். தம்பியிடம் கடைசியில் நான் கேட்டது அந்த மண்டலத்தைத்தான். மாதம் ஒருமுறை 14 கிலோமீட்டர் போகட்டும். தினமும் ஐந்து கிலோமீட்டர் நட என்றேன். 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைப்பாதை குறித்தார்கள். எங்கள் ஊருக்கு அந்தக் குறையே இருந்ததில்லை. கணக்குப்படி தினமும் 200 கலோரி, 48 நாளில் 9,600, ஒன்றேகால் கிலோ. வாரம் இருமுறை ஸ்கந்தாசிரமம் ஏறுவது, டீயில் சர்க்கரையை விடுவது, ராத்திரிச் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுவது என்று மூன்று சேர்த்தோம். எடைக்கும் முன்னால் இடுப்பை அளந்து வைத்தோம்: 98 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதுதான் எல்லை. நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றில் சேர்வது அதிகம் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள்.

இடையில் நான்கு நாள் மழை, ஒரு கல்யாணம். 48 நாள் 55 ஆனது. இரண்டரைக் கிலோ இறங்கியிருந்தான். இடுப்பு 94.

முடித்த மறுநாள் விடியலில் மறுபடி செங்கம் சாலையில் நடந்தோம். அதே வேகம், அதே இருட்டு, பூக்காரம்மா கூடையை இறக்கிவைக்கிற அதே நேரம். சேஷாத்ரி ஆசிரம வாசலில் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, மூன்று விரலை வைத்தேன். 15 நொடியில் 28.

"எவ்ளோக்கா?"

"112."

அன்றைக்கு 128 இருந்த இடம். "மெதுவா வந்துட்டமோ?" என்று கேட்டான். இல்லை என்றேன். மணிக்கட்டைப் பார்க்கவில்லை அவன்; மலைமேல் வெளிச்சம் விழத் தொடங்கியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே நடந்தான். எட்டிப் பிடிக்க நான்தான் வேகத்தைக் கூட்ட வேண்டியிருந்தது.